ஹேர்பினா, ஓப்பன் லூப்பா, எஸ்ஐஆரா: 2.45 கிகாஹெர்ட்ஸ் ஃபில்டருக்கு எது சரி?

மைக்ரோவேவ் பேண்ட்பாஸ் ஃபில்டர் (குறிப்பிட்ட அதிர்வெண் பட்டையை, அதாவது பாஸ்பேண்டை, மட்டும் விட்டு மற்றதைத் தடுப்பது) கேட்பவர்கள் "விளிம்பு செங்குத்தாக விழணும், ஸ்டாப்பேண்டும் (தடுக்கும் பட்டையும்) அகலமா இருக்கணும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் இவை இரண்டு தனித்தனி வேலைகள். விளிம்பு எவ்வளவு செங்குத்து என்பது ரெசனேட்டர்கள் (ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிரும் செப்புக் கோடுகள்) ஒன்றோடொன்று எப்படி இணைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. தொலைவில் வேண்டாத இன்னொரு பாஸ்பேண்ட் எங்கே முளைக்கும் என்பதோ ஒவ்வொரு ரெசனேட்டரின் உருவத்தைப் பொறுத்தது.

2.45 கிகாஹெர்ட்ஸ் வைஃபை பேண்டையே எடுத்துக்கொள்வோம். அகலம் 5 சதவீதம், மைக்ரோஸ்ட்ரிப் போர்டு (மேலே செப்புக் கோடு, கீழே தரைத்தளம்), ரெசனேட்டரின் க்யூ (கூடினால் இழப்பு குறையும் தர எண்) சுமார் 150. 2.3, 2.6 கிகாஹெர்ட்ஸில் இருப்பவை அடங்க வேண்டும், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் உள்ளே வரக்கூடாது. (2400 மெகாஹெர்ட்ஸ் ஓரத்தில் ஒட்டியே நிற்கும் 4ஜி செல்போன் பட்டையான எல்டிஇ பேண்ட் 40-ஐ வெட்டுவது இந்தத் தகட்டு வேலையால் ஆகாது, செல்போன்களில் அதற்கு பாவ் (ஒலி அலையால் இயங்கும்) ஃபில்டர் இருக்கிறது.)

முதலில் எல்லோரும் போவது ஹேர்பின். கோன் 1958-இல் வழிமுறை வகுத்துத் தந்த இணைகோட்டு ஃபில்டரின் அரை அலைநீளக் கோடுகளை யு வடிவில் மடித்தால் ஹேர்பின். தரைத்தளத்தோடு இணைக்கும் வயா துளை வேண்டாம், வரைவது சுலபம், முதல் முறையே ஓரளவு சரியாக வரும். விளிம்பு போதவில்லை என்றால் ரெசனேட்டர்களைக் கூட்டுவதுதான் வழக்கம், அங்கேதான் அடி விழுகிறது. 0.1 டெசிபெல் ரிப்பிள் (பாஸ்பேண்டுக்குள் ஏற்ற இறக்கம்) உள்ள செபிஷெவ் என்ற வழக்கமான ஃபில்டர் கணக்கில் 3 ரெசனேட்டருக்கு நடு பேண்ட் இழப்பு சுமார் 1.9 டெசிபெல், 5 ஆக்கினால் 4 டெசிபெல். அதே ஐந்தை எஃப்ஆர்-4 என்ற சாதாரண போர்டில் போட்டால் க்யூ 50 பக்கம் இறங்கி, இழப்பு 12 டெசிபெல்லாகிறது! இவ்வளவு கொடுத்தும் 4.9 கிகாஹெர்ட்ஸில் அடுத்த பாஸ்பேண்ட் அப்படியே நிற்கும். அரை அலைநீளக் கோடு இரு மடங்கு அதிர்வெண்ணில் முழு அலைநீளமாகி மறுபடி ஒத்ததிர்கிறது, போதாக்குறைக்கு மைக்ரோஸ்ட்ரிப்பில் ஈவன், ஆட் மோடுகள் (அருகருகான இரு கோடுகளில் சிக்னல் ஓடும் இரு விதங்கள்) வெவ்வேறு வேகத்தில் ஓடுவதால் அங்கே கப்ளிங்கும் (ரெசனேட்டர்களிடையே இணைப்பும்) அறுபடுவதில்லை.

இது எனக்குத் தெரியவந்ததே தாமதமாகத்தான். 3 கிகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும் சின்ன விஎன்ஏவில் (ஃபில்டரை அளக்கும் கருவி) பார்த்தவரை கோடு அழகாகத் தரையில் படுத்திருந்தது. 10 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் கருவியில் மாட்டியதும் 4.9-க்கு அருகே ஒரு மேடு, இழப்பு 6 டெசிபெல்தான்.

ஓப்பன் லூப் விளிம்புக்கான மருந்து. ஹாங், லங்காஸ்டர் இருவரும் 1996-இல் காட்டிய வடிவம்: சதுர வளையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு. நான்கை இரண்டுக்கு இரண்டாக அடுக்கி, முதலுக்கும் நான்காவதுக்கும் எதிர்க்குறியில் கொஞ்சம் கப்ளிங் கொடுத்தால் இரு பாதைகளின் சிக்னலும் பாஸ்பேண்டின் இருபுறமும் ஒவ்வோர் இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இழப்பு 3 டெசிபெல்லுக்குள் அடங்கிவிடும், விளிம்பு மட்டும் கத்திபோல் விழும். சிக்கல் என்னவென்றால் அந்தக் குறுக்குக் கப்ளிங்கை இடைவெளிதான் தீர்மானிக்கிறது, எட்சிங்கில் (செப்பை அரித்தெடுக்கும்போது) 0.2 மி.மீ. இடைவெளி 0.25 ஆனாலே டிரான்ஸ்மிஷன் சீரோக்கள், அதாவது சிக்னல் அழியும் அந்த இடங்கள், நகர்ந்துவிடும். வளையமும் அரை அலைநீளம்தான் என்பதால் 4.9 பிரச்சினை இங்கேயும் உண்டு.

எஸ்ஐஆர், அதாவது கோட்டின் நடுவை ஒல்லியாகவும் முனைகளை அகலமாகவும் படிக்கட்டுபோல் மாற்றிய ரெசனேட்டர், அடிப்பது அந்த 4.9-ஐத்தான். மகிமோட்டோவும் யமஷிடாவும் 1980-இல் இதற்கான சூத்திரத்தை எழுதினார்கள். நடுவில் 100 ஓம், முனையில் 25 ஓம் என்று வைத்தால் அடுத்த ஒத்ததிர்வு 3.39 மடங்கில், 8.3 கிகாஹெர்ட்ஸில் வருகிறது. 5-இலிருந்து 6 வரை சுத்தம். மொத்த நீளமும் 180 டிகிரியிலிருந்து (அரை அலைநீளம்) 106 டிகிரியாகச் சுருங்குகிறது. இதற்கும் விலை உண்டு: 0.81 மி.மீ. தடிமனுள்ள ஆர்ஓ4003சி போர்டில் 100 ஓம் கோடு 0.46 மி.மீ.தான், 25 ஓம் பட்டை 5 மி.மீ. வரை போகும், மெல்லிய நடுவில் மின்னோட்டம் நெரிவதால் க்யூ குறையும்.

தரைத்தளத்தில் ஓட்டை வெட்டும் டிஜிஎஸ், பின்னால் தனி லோபாஸ் ஃபில்டர் (உயர் அதிர்வெண்களைத் தடுப்பது) சேர்ப்பது என்று வேறு வழிகளும் உண்டு. ஓட்டை வெட்டினால் போர்டைப் பெட்டியின் அடித்தகட்டில் ஒட்டவைக்க முடியாது; லோபாஸ் இடமும் தின்னும், இழப்பும் கூட்டும்.

என்னைக் கேட்டால், எஸ்ஐஆர் ரெசனேட்டரையே வளையமாக வளைத்து ஓப்பன் லூப் அடுக்கில் போடுவேன். விளிம்பைக் கப்ளிங் பார்த்துக்கொள்ளும், தொலைவைப் படிக்கட்டு பார்த்துக்கொள்ளும். சிக்னலைக் கொண்டுவரும் ஊட்டுக்கோடு ரெசனேட்டரைத் தொடும் இடத்தை நடுவிலிருந்து தள்ளி வைத்தால், அங்கிருந்து திறந்த முனைவரை கால் அலைநீளம் வரும் அதிர்வெண்ணில் இன்னொரு சீரோ இலவசமாகக் கிடைக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் எதுவுமே தொந்தரவில்லை, விளிம்பும் தளர்வாக இருக்கலாம் என்றால் மட்டும் 3 ரெசனேட்டர் ஹேர்பின் போதும்.

எஸ்ஐஆர் பக்கம் என்னைச் சாய்த்த இன்னொரு காரணம் மூடி. 60-க்கு 40 மி.மீ. உலோகப் பெட்டிக்குள் ஃபில்டரை மூடினால் பெட்டியே 4.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஒத்ததிரும், போர்டில் கஷ்டப்பட்டு அடக்கியது மூடி வழியாகத் திரும்பி வந்துவிடும். சுருங்கிய எஸ்ஐஆர் 40-க்கு 25 பெட்டியில் அடங்கினால் அந்த ஒத்ததிர்வு 7 கிகாஹெர்ட்ஸுக்குப் போய்விடுகிறது.