சாய்தளக் குண்டுப் பெட்டி: பொருள் நன்று, கையேட்டைத் திருத்துங்கள்

பிளஸ் ஒன் இயற்பியல் ஆய்வகத்துக்கான இந்தப் பெட்டியில் வளைந்த அலுமினியத் தடம், 20 மி.மீ. எஃகுக் குண்டு இரண்டு, 10 செ.மீ. ஆரமுள்ள வளையம், தூக்குக்குண்டு, கார்பன் தாள் எல்லாம் இருக்கின்றன. தடம் உறுதியானது, இணைப்புகளில் பிசிறு இல்லை. தாராளமாக வாங்கலாம். கூட வரும் கையேட்டை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

அரை மீட்டர் உயரத்திலிருந்து விட்ட குண்டின் நிலை ஆற்றல் முழுவதும் நேர்கோட்டு இயக்க ஆற்றலாகிறது என்று வைத்து, வேகம் நொடிக்கு 3.13 மீட்டர் என்கிறது கையேடு. அப்படியானால் 80 செ.மீ. உயர மேசை விளிம்பிலிருந்து 1.26 மீட்டர் தள்ளி விழ வேண்டும். விழாது. ஒரு மீட்டரை ஒட்டித்தான் கரும்புள்ளி பதியும். உடனே உராய்வின் தலையில் பழியைப் போட்டு ரெக்கார்டு நோட்டை மூடுவது மாணவருக்குச் செய்யும் அநியாயம். குண்டு உருளுகிறது, சுழற்சிக்கும் ஆற்றலில் பங்கு போகிறது. திண்மக் கோளம் தட்டையான தடத்தில் நழுவாமல் உருண்டால் அந்தப் பங்கு ஏழில் இரண்டு. வேகம் 2.65, தூரம் 1.07 மீட்டர். இந்தத் தடத்திலோ குண்டு அடியைத் தொடாமல், 10 மி.மீ. இடைவெளியுள்ள இரு விளிம்புகள் மேல் ஓடுகிறது. அதனால் இன்னும் விரைவாகச் சுழன்றாக வேண்டும்; கணக்கு 1.02 மீட்டருக்கு இறங்கிவிடும். இப்போது புள்ளியோடு ஒட்டிப்போகிறது பாருங்கள்!

வளையத்திலும் இதே கோளாறுதான். குண்டு கீழே விழாமல் வளையத்தைச் சுற்றிவர ஆரத்தைப்போல் 2.5 மடங்கு உயரம் போதும் என்பது உராய்வின்றிச் சறுக்கும் பொருளுக்கு. இங்கே 30 செ.மீ.க்குக் குறையாமல் விடுங்கள். உயரத்தைக் குண்டின் மையத்திலிருந்து மையத்துக்கு அளக்க வேண்டும். தடத்தின் முனையை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தாலும் தூரம் குறையும்.

பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கத்து உப்புக்காற்றில் எஃகுக் குண்டு சீக்கிரம் துருவேறிச் சொரசொரக்கும். தேங்காய் எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். செய்முறைக்கு முன் பிசுக்குப் போகத் துடைக்க வேண்டும். எண்ணெய் இருந்தால் குண்டு நழுவி, கணக்கே மாறிவிடும். கார்பன் தாளுக்கடியில் மணல் கிடந்தால் பொய்ப்புள்ளி விழும், தரையைக் கூட்டிவிட்டு விரியுங்கள்.

பயிற்சிக் கணக்குகளில் பனிச்சறுக்கு வருகிறது. நம் பிள்ளைகளுக்கு 15 மீட்டர் பனையிலிருந்து விழும் நுங்கைக் கொடுங்கள்: தரையைத் தொடும்போது நொடிக்கு 17 மீட்டர், அதாவது மணிக்கு 60 கி.மீ.க்கும் மேல். நுங்கின் நிறை கணக்குக்குத் தேவையே இல்லை.