மேலமாசி வீதி பிரிண்ட் கடை: விண்வெளிப் படத்துக்குத் தாராளமாகப் போகலாம்

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022-இல் எடுத்த எஸ்மாக்ஸ் 0723 என்ற விண்மீன் மண்டலக் கொத்தின் படத்தை டியூஷன் அறைச் சுவருக்காக இங்கே போட்டேன். கறுப்பு நல்ல கறுப்பு, சாம்பல் பூக்கவில்லை. நடுவிலுள்ள இந்தக் கொத்திலிருந்து ஒளி கிளம்பி 460 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கொத்தின் ஈர்ப்பு, பின்னாலுள்ள மண்டலங்களின் ஒளியை வளைத்துப் பெரிதாக்கிக் காட்டுகிறது. சுற்றிலும் தெரியும் வளைவுகள் அதனால்தான். கணினியில் இருந்த தம்பி, "சார், படம் இழுத்திருக்கு, சரி பண்ணிரவா?" என்றார். நல்லவேளை, கேட்டுவிட்டுச் செய்கிறவர். ஒரே மண்டலம் கண்ணாடிப் பிம்பமாக இரண்டு முறை விழுந்திருப்பதுகூடப் பிரிந்து தெரிகிறது. பளபள லேமினேஷன் மட்டும் வேண்டாம், டியூப்லைட் அடிக்கிறது, மேட் கேளுங்கள். வண்டி நிறுத்தத்தான் இடமில்லை.