அட்ரஸபிள் அலாரம் என்று சொல்லிச் சாதாரண அலாரத்தை மாட்டிச் சென்றார்கள்: விடுதி நடத்துபவர்கள் கவனத்திற்கு

கன்னியாகுமரியில் 32 அறைகள் கொண்ட மூன்று மாடி விடுதி ஒன்றை நடத்தி வருகிறேன். சென்ற ஆண்டு சீசன் தொடங்குவதற்கு முன், எந்த அறையில் புகை என்று தானே காட்டும் அட்ரஸபிள் வகைத் தீ எச்சரிக்கை அமைப்பு நிறுவித் தருவதாகச் சொன்ன ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு ரூ. 3,40,000 கொடுத்தேன். அவர் மாட்டிச் சென்றது அந்த வகையே அல்ல என்பதையும், மாட்டியதிலும் ஒரு பகுதி வேலையே செய்யவில்லை என்பதையும் ஐந்து மாதம் கழித்துத்தான் அறிந்தேன். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

கார்த்திகை மாதம், சபரிமலை சென்று திரும்பும் பக்தர்களால் எல்லா அறைகளும் நிறைந்திருந்த ஓர் இரவில், இரண்டரை மணிக்கு அலாரம் ஒலித்தது. அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியான பேனலில் ‘ஸோன் 2’ என்ற இடத்தில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. அதன் பொருள் இரண்டாம் மாடியில் எங்கோ என்பதுதான். அந்த மாடியில் 11 அறைகள் இருக்கின்றன. சத்தத்தை நிறுத்தும் பதற்றத்தில் இரவுப் பணியாளர் ரீசெட் பொத்தானை அழுத்திவிட்டதால், புகையை உணர்ந்த டிடெக்டரில் எரிந்துகொண்டிருந்த சிறிய விளக்கும் அணைந்துவிட்டது. ஒவ்வொரு கதவாகத் தட்டி, கோடி அறையில் பூஜைக்காக ஏற்றிய சாம்பிராணிப் புகைதான் காரணம் என்று கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அதற்குள் கீழே ஓடிய கூட்டத்தில் ஒரு மூதாட்டி படிக்கட்டில் விழுந்து மணிக்கட்டில் அடிபட்டுக்கொண்டார். உண்மையான தீயாக இருந்திருந்தால் அந்தக் கால் மணி நேரம் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் இன்னும் என்னைவிட்டு நீங்கவில்லை.

மறு வாரம், திருவனந்தபுரத்தில் பல ஆண்டுகள் இதே வேலை செய்த ஒரு தொழில்நுட்பப் பணியாளரை அழைத்து வந்தேன். பேனலின் மூடியைத் திறந்து பார்த்தவர் முதலில் சொன்னது இதுதான்: “அண்ணாச்சி, போன கேபிள் எதுவும் திரும்பி வரலையே.” அட்ரஸபிள் அமைப்பில் கேபிள் பேனலில் புறப்பட்டு, எல்லா டிடெக்டர்களையும் தொட்டு, மீண்டும் பேனலுக்கே வந்து சேர வேண்டும்; இதைத்தான் லூப் என்கிறார்கள். அந்த லூப்பில் உள்ள ஒவ்வொரு டிடெக்டருக்கும் தனி எண் உண்டு. வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவு எடுப்பது போல, பேனல் ஒவ்வொரு எண்ணையும் கூப்பிட்டு அதன் நிலையை ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருக்கும். புகை கண்டால் ‘இரண்டாம் மாடி, அறை 207’ என்று நாம் எழுதிக் கொடுத்த பெயரையே திரையில் காட்டும். ஒரு டிடெக்டரைக் கழற்றினால் அந்த எண் பதில் சொல்லவில்லை என்று காட்டும். கேபிள் ஓரிடத்தில் அறுந்தாலும் இரு முனைகளிலிருந்தும் பேசி, மற்றவற்றைக் கைவிடாது.

எனக்குக் கிடைத்ததோ, அறையைச் சொல்லாமல் பகுதியை மட்டும் காட்டும், நான்கு ஸோன்கள் கொண்ட கன்வென்ஷனல் (சாதாரண வகை) பேனல். இந்த வகையில் கேபிளின் கடைசி டிடெக்டரில் ரெசிஸ்டர் என்ற சிறிய மின்தடை ஒன்றைப் பொருத்துவார்கள். அதன் வழியே எப்போதும் சிறிதளவு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருப்பதை வைத்துத்தான் இணைப்பு முழுமையாக இருக்கிறது என்று பேனல் தெரிந்துகொள்கிறது. ஓட்டம் நின்றால் பழுது என்று அறிவிக்கும். சிறிய கட்டடத்திற்கு இது நேர்மையான, போதுமான ஏற்பாடுதான். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாம் மாடிக்குரிய ரெசிஸ்டர் மாடியில் இல்லை. அரிசி மணி அளவுள்ள அந்தப் பொருள், வண்ண வளையங்கள் தெரிய, பேனலுக்குள்ளேயே கேபிள் நுழையும் திருகுகளில் செருகப்பட்டிருந்தது. அதனால் வெளியே கேபிள் அறுந்திருந்தாலும், இணைக்கப்படாமலே இருந்தாலும், பேனல் பச்சை விளக்கைத்தான் காட்டும். ஏணி போட்டுப் பார்த்தபோது, அந்த மாடியில் ஆறு டிடெக்டர்களுக்குப் பின்னால் கேபிளின் நுனி தோல்கூட உரிக்கப்படாமல் சுருண்டு கிடந்தது. ஐந்து மாதங்களாக அந்த ஆறு அறைகளிலும் குழந்தைகளோடு மக்கள் உறங்கியிருக்கிறார்கள்.

சமையலறையிலும் இதே அலட்சியம். ஸ்மோக் டிடெக்டருக்குள் இருண்ட சிறு அறை ஒன்று இருக்கிறது. அதில் அகச்சிவப்பு ஒளியை அனுப்பும் விளக்கும், அந்த ஒளி நேராக விழாதபடி சாய்வாக வைத்த உணரியும் இருக்கும். புகை நுழைந்தால் ஒளி சிதறி உணரியில் படும்; தாளிப்புப் புகையும், வெந்நீர் ஆவியும், உள்ளே நுழையும் பூச்சியும்கூட அதையே செய்யும். அதைத் தோசைக்கல்லுக்கு நேர் மேலே மாட்டியிருந்தார்கள். தினமும் அலறியதால் சமையல்காரர் பிளாஸ்டிக் உறையால் அதைக் கட்டிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அங்கே தேவைப்பட்டது ஹீட் டிடெக்டர். அதிலும், நிமிடத்திற்குச் சுமார் 8 டிகிரி உயர்ந்தாலே ஒலிக்கும் வகை அடுப்படிக்கு ஒத்துவராது. குறிப்பிட்ட வெப்பநிலையைத் தொட்டால் மட்டுமே ஒலிக்கும் வகையே பொருந்தும். பொது இடங்களில் 57 டிகிரியில் ஒலிப்பது வழக்கம். அடுப்படியின் இயல்பான சூட்டைப் பார்த்து அதைவிட உயர்ந்ததைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான் ஏமாந்த இடம் காகிதம். விலைப்புள்ளியில் அட்ரஸபிள் என்று இருந்தது; பில்லில் ‘தீ எச்சரிக்கை அமைப்பு, ஒன்று’ என்று மட்டுமே இருந்தது. அதைப் படிக்காமல் பணி நிறைவுச் சான்றில் கையெழுத்திட்டேன். நீங்கள் பணத்தின் கடைசிப் பகுதியைக் கொடுக்கும் முன், பேனல், டிடெக்டர் ஒவ்வொன்றின் மாடல் எண்ணும் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 2189-இன்படி நிறுவியதாக எழுத்தில் வாங்குங்கள். பிறகு, நீங்களே தேர்ந்தெடுத்த ஏதாவது ஓர் அறையில் டிடெக்டரைக் கழற்றச் சொல்லி, பேனலில் அந்த அறையின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். எல்லா டிடெக்டரிலும் சோதனைப் புகையை அடிக்கச் சொல்லுங்கள்; நான்கைந்தில் அடித்துக் காட்டி மற்றவை அப்படியே என்று சொல்வார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். மின்சாரத்தை அணைத்துவிட்டு பேட்டரியில் அலாரம் ஒலிக்கிறதா என்றும் கேளுங்கள். நம் ஊரின் உப்புக் காற்றில் இணைப்புத் திருகுகள் விரைவில் துருப்பிடிக்கும் என்பதால், பராமரிப்புக்குத் தனியாக ஒப்பந்தம் போடுவது நல்லது.

பணத்தைத் திருப்பித் தரும்படி வழக்கறிஞர் வழியாக அனுப்பிய அறிவிப்புக்குப் பதில் வராததால், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். புதிய லூப் கேபிள் இரண்டாம் மாடி வரை முடிந்திருக்கிறது. மூன்றாம் மாடியின் அந்த ஆறு அறைகளை வேலை முடியும் வரை யாருக்கும் கொடுப்பதில்லை. சாவிகள் என் மேசையில் இருக்கின்றன.