மாட்டுக் கொலாஜனா, பாக்டீரியா கொலாஜனா?

திசுப் பொறியியலில் (செல்களைக் கொண்டு உடல் திசுக்களை உருவாக்கும் துறை) இறங்குபவர்கள் அடிக்கடி கேட்பது: பழகிய மாட்டுத்தோல் கொலாஜனை (தோலுக்கும் எலும்புக்கும் வலுத்தரும் புரதம்) வாங்குவதா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் பாக்டீரியாவின் எஸ்சிஎல்2 என்ற கொலாஜன் போன்ற புரதத்தை, ஆய்வுக்கூடங்களில் பழகிய ஈ.கோலை பாக்டீரியாவில் வளர்த்தெடுப்பதா? தொண்டைப்புண் கிருமியா என்று முகம் சுளிக்காதீர்கள். எடுப்பது ஒரு மரபணுவை மட்டும்தான்.

உறுதி: இரண்டுமே மூன்றிழைத் திருகு, அதாவது மூன்று புரத இழைகள் கயிறுபோல் முறுக்கிய வடிவம்.
மாடு – ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலம் திருகைத் தாங்குகிறது. தானாகவே நாராகவும் திரளும்.
பாக்டீரியா – ஹைட்ராக்சிபுரோலின் கிடையாது, ஆனாலும் சுமார் 36 டிகிரி செல்சியஸ் வரை பிரியாது. நாராகத் திரளாது, இழைகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பு போட்டே ஆகவேண்டும். இதுதான் பெரிய தலைவலி.

தூய்மை:
மாடு – விலங்குக்கு விலங்கு மாறும். மாட்டுப் பைத்திய நோய் (மேட் கவ்) பயமும் உண்டு, சிலருக்கு ஒவ்வாமையும்.
பாக்டீரியா – இங்கேதான் அழகு. அமிலத்தில் பெப்சினை (புரதத்தைச் செரிக்கும் நொதி) விட்டால் மற்ற புரதங்கள் செரித்துப் போகும், திருகு மட்டும் அசையாமல் நிற்கும். புரதங்களைப் பிரித்தெடுக்கும் விலையுயர்ந்த குரோமட்டோகிராபி தூண்கள் இல்லாமலே சமாளிக்கலாம்.

செல் ஒட்டுதல்:
மாடு – பிறவியிலேயே ஒட்டும்.
பாக்டீரியா – வெற்றுப் பலகை. இன்டெக்ரின் (செல்லின் மேற்பரப்பில் உள்ள ஒட்டுப் புரதம்) பிடிக்கும் வரிசையை மரபணுவில் நாமே செருகினால், வேண்டிய இடத்தில் வேண்டிய செல் ஒட்டும்.

அனுபவம்: மாட்டுக் கொலாஜன் பல பத்தாண்டுகளாக நோயாளிகளிடம் புழங்குகிறது. மற்றது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான்.

காயத்துக்குப் பஞ்சு, ரத்தம் நிறுத்தும் துண்டு என்றால் மாடே போதும். ரத்தக்குழாய் ஒட்டு, குருத்தெலும்பு என்று செல்லின் நடத்தையை நீங்களே வடிவமைக்க வேண்டுமானால் எஸ்சிஎல்2 பக்கம் போங்கள்.