எச்சரிக்கை: நியூஸ் சர்வர் அமைத்துத் தருவதாகச் சொன்னவரிடம் 850 டாலர் போனது

850 டாலர் போய்விட்டது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறினால் எழுதவே மாட்டேன்.

நாங்கள் பதினொரு பேர் சேர்ந்து ஒரு சின்ன யூஸ்நெட் (இணையத்தின் பழைய விவாதக் குழுக்கள்) சர்வரைப் பல வருடமாக நடத்தி வருகிறோம். எழுத்துக் குழுக்கள் மட்டும்தான், பைனரி (படம், பாட்டு மாதிரிக் கோப்புகள்) எதுவும் கிடையாது. எங்களுக்குள் பேசிக்கொள்ள நான்கு தனிக் குழுக்கள் உண்டு. பழைய மெஷின் அடிக்கடி படுத்துவிட்டதால் புதிதாக ஒரு யூனிக்ஸ் சர்வரை வாடகைக்கு எடுத்தோம். அதில் ஐஎன்என் என்ற நியூஸ் சர்வர் மென்பொருளை அமைத்துத் தர, வேலை தெரிந்தவர்களையும் வேலை கொடுப்பவர்களையும் சேர்த்து வைக்கும் ஒரு இணையதளத்தில் ஆள் பிடித்தோம். ஆளின் பெயரோ தளத்தின் பெயரோ இங்கே வேண்டாம். இந்த மாதிரித் தளங்கள் எல்லாவற்றிலும் இது நடக்கலாம்.

அவர் பேசிய பேச்சில்தான் விழுந்தேன். முதல் கேள்வியே, "மடல்கள் எத்தனை நாள் நிற்க வேண்டும் சார்?" என்றார். சரியான கேள்வி. அடுத்து, "மடல்களைச் சேமிக்க டிராட்ஸ்பூல் முறை வேண்டாம், ஒவ்வொரு மடலும் தனித்தனிக் கோப்பாக விழும். சிஎன்எஃப்எஸ் முறை போட்டுத் தருகிறேன். நிரம்பினால் பழைய மடல் மேலேயே எழுதிக்கொள்ளும், நீங்கள் தொடவே வேண்டாம்" என்றார். அதுவும் சரி. வெளியிலிருந்து மூன்று சர்வர்கள் ஃபீட் தரும், அதாவது மடல்களைத் தொடர்ந்து அனுப்பும் என்றார். வீடியோ அழைப்பில், மடல் படிக்கும் நிரலான எஸ்எல்ஆர்என்னைத் திறந்து ஒரு பெரிய குழுவுக்குள் போனார். லட்சக்கணக்கான மடல்களின் பட்டியல் கண் இமைப்பதற்குள் வந்து நின்றது. எத்தனை வருடம் மந்தமான சர்வரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்! அந்த அழைப்பு முடிவதற்குள்ளேயே பணத்தை விடுவிக்கும் பொத்தானை அழுத்திவிட்டேன். முழு 850 டாலர். எந்தக் குழுவை எந்த முறையில் சேமிப்பது என்று சொல்லும் ஸ்டோரேஜ்.கான்ஃப் கோப்பைக் காட்டுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே பிடித்திருப்பேன்.

பத்தொன்பதாவது நாள் சர்வர் புதிய மடல்களை வாங்குவதை நிறுத்தியது. லாக்கில், டிஸ்க்கில் இடமில்லை என்று ஒரு வரி. டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் 100 ஜிபியில் 70 சதவீதம் காலி! இடம் இருக்கும்போது இடமில்லை என்று ஏன் சொல்கிறது என்று மண்டை காய்ந்தது. அப்புறம்தான் "டிஎஃப் -i" என்று போட்டுப் பார்த்தேன். ஐநோட் (கோப்புக்கு ஒன்று வீதம் டிஸ்க்கில் வேண்டிய பதிவு) 100 சதவீதம் தீர்ந்திருந்தது. இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமையை வழக்கமான அமைப்பிலேயே உருவாக்கினால் 16 கேபிக்கு ஒரு ஐநோட்தான் கிடைக்கும். 100 ஜிபிக்கு 60 லட்சம் சொச்சம். எழுத்து மடல் ஒன்று பெரும்பாலும் இரண்டு மூன்று கேபிதான் வரும். மடலுக்கு ஒரு கோப்பு என்றால் இடம் தீர்வதற்கு ரொம்ப முன்பே ஐநோட் தீர்ந்துவிடும்.

அதாவது சிஎன்எஃப்எஸ் போடவே இல்லை. ஸ்டோரேஜ்.கான்ஃபில் ஒரே ஒரு பத்தி. எல்லாக் குழுவும் டிராட்ஸ்பூல். பழைய மடல்களைத் தினமும் கழிக்கும் நியூஸ்.டெய்லி, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் இல்லை, அதனால் பழைய மடல் ஒன்றுகூடக் கழியவில்லை. தினமும் மெயிலில் வர வேண்டிய அறிக்கை ஏன் வரவில்லை என்பதற்கும் அதுதான் காரணம். இடத்தையும் ஐநோட்டையும் கண்காணிக்கும் இன்வாட்சையும் அணைத்து வைத்திருந்தார்.

மூன்று ஃபீட் என்றாரே, யார் மடல் அனுப்பலாம் என்று சொல்லும் இன்கமிங்.கான்ஃபில் லோக்கல்ஹோஸ்ட்டைத் (அதே மெஷினைத்) தவிர யாரும் இல்லை. புல்நியூஸ் என்று ஐஎன்என்னோடு வரும் கருவி ஒன்று உண்டு. வாசகர் போல இன்னொரு சர்வரில் நுழைந்து மடல்களை இழுத்து வரும். அதைத் தன் சொந்தக் கணக்கில் ஓடவிட்டு, பழைய மடல்களையெல்லாம் இழுத்துக் குவித்துத்தான் அந்த அழைப்பில் எனக்கு வேடிக்கை காட்டியிருக்கிறார். நியூஸ்ஃபீட்ஸ் கோப்பில் வெளியே அனுப்ப ஒரு வரிகூட இல்லை. எங்கள் ஆட்கள் பத்தொன்பது நாள் பொதுக் குழுக்களில் எழுதிய எதுவும் எங்கள் மெஷினைத் தாண்டவே இல்லை. யாரும் பதில் போடவில்லையே என்று ஒருவர் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

கேட்டதற்கு முதல் பதில்: "டிஸ்க் பிரச்சினை சார், ஹோஸ்டிங்காரரிடம் கேளுங்கள்." ஹோஸ்டிங்காரரிடம் போனேன். "டிஸ்க் நன்றாக இருக்கிறது, மென்பொருள் போட்டவரைக் கேளுங்கள்." மறுபடி அவரிடம். இரண்டு நாள் கழித்து உள்ளே வந்து, பழைய மடல்களைக் கழிப்பதாகச் சொல்லி, மடல்கள் இருக்கும் ஸ்பூலில் ஆர்எம் என்ற அழிக்கும் கட்டளையை ஓட்டிவிட்டார். போனதில் எங்கள் நான்கு தனிக் குழுக்களும் அடக்கம். அதோடு விடாமல், மடல்களின் பதிவேடான ஹிஸ்டரி கோப்புகளை ரூட்டாக (நிர்வாகிக் கணக்கில்) இருந்து புதிதாக உருவாக்கினார். அவை ரூட்டின் பெயருக்குப் போய்விட்டன, நியூஸ் பயனராக ஓடும் ஐஎன்என்டி (ஐஎன்என்னின் முதன்மை நிரல்) கிளம்பவே மறுத்தது. அமைப்பைச் சரிபார்க்கும் இன்செக் கருவியை ஓட்டியிருந்தால் அதுவே சொல்லியிருக்கும். அதன் பிறகு அவர் பதிலே போடவில்லை.

அந்தத் தளத்துக்குப் புகார் எழுதினேன். "வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள், புகார் சொல்லும் 14 நாள் முடிந்துவிட்டது" என்று ஒரு அச்சடித்த பதில். லாக், கோப்புகள் எல்லாம் இணைத்து மறுபடி அனுப்பினேன். அதே பதில், ஒரு எழுத்துகூட மாறவில்லை. பதினொரு பேர் போட்ட 850 டாலருக்கு அவ்வளவுதான் மரியாதை.

ஐஎன்என்மீது பழி போடாதீர்கள். 1992-லிருந்து ஓடும் மென்பொருள், ஒழுங்காக வைத்தால் கல் மாதிரி நிற்கும்.

எப்படி அமைக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குத் தெம்பில்லை. இதை மட்டுமாவது பாருங்கள். பணம் விடுவிக்கும் முன் ஸ்டோரேஜ்.கான்ஃபை நீங்களே திறந்து படியுங்கள். தனிக் குழுக்களை டிராட்ஸ்பூலில் மேலே எழுதி, மிச்சத்தைச் சிஎன்எஃப்எஸ்ஸுக்கு விடுங்கள். முதலில் பொருந்தும் பத்திதான் செல்லும் என்பதால் வரிசை முக்கியம். "டிஎஃப் -i" போட்டுப் பாருங்கள். ஒரு சோதனை மடலைச் சோதனைக் குழுவில் போட்டு, வேறொரு சர்வரில் அது வந்து சேர்கிறதா என்று பாருங்கள். பழைய மெஷினை உடனே அழிக்காதீர்கள். நாங்கள் அழித்துவிட்டோம்.

எங்களில் ஒருவர் வீட்டில் லீஃப்நோட் (மடல்களின் நகலை வைத்துக்கொள்ளும் சின்ன நியூஸ் சர்வர்) வைத்திருந்ததால் இரண்டு தனிக் குழுக்களின் மடல்கள் அதில் கிடைத்தன. மற்ற இரண்டும் யாரிடமும் இல்லை. கிடைத்ததை இப்போது உள்ளே ஏற்றிக்கொண்டிருக்கிறேன். தளத்துக்கு மூன்றாவது புகாரும் அனுப்பியாயிற்று, பதில் வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.