மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பப்ஜி சுற்றுப்போட்டிக்குப் பணம் கட்டுவோருக்கு ஓர் எச்சரிக்கை

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைச் சேர்ந்த பப்ஜி மொபைல் என்ற கைத்தொலைபேசிச் சுடும் விளையாட்டின் வீரர்களுக்கென நடத்தப்படும் ஒரு குழுமத்தில், எங்கள் அணியும் எனக்குத் தெரிந்த வேறு பல அணிகளும் கட்டிய நுழைவுக் கட்டணம் இதுவரை திரும்பி வரவில்லை. அறிவிக்கப்பட்ட பரிசும் வழங்கப்படவில்லை. குழுமத்தின் பெயரை நான் எழுதவில்லை. அது ஏற்கெனவே ஒரு தடவை மாறிவிட்டது, இன்னும் மாறக்கூடும். ஆனால் அதை நடத்தியவர்கள் ஒவ்வொரு வசதியையும் கையாண்ட விதத்தை அறிந்துகொண்டால், எந்தப் பெயரில் வந்தாலும் அடையாளம் காண முடியும்.

தொடக்கத்தில் அது நல்ல இடமாகவே இருந்தது. களுவாஞ்சிகுடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று பல ஊர்ப் பிள்ளைகளும் இரவில் ஒரே அணியில் சேர்ந்து கதைத்து விளையாடினார்கள். படுவான்கரையில் சிக்னல் கிடைக்கும் இடம் தேடிப் போய்க் குந்தியிருந்து விளையாடிய தம்பிமாரும் அதில் இருந்தார்கள். இப்படி ஒரு கூட்டம் தானாகச் சேர்வது இலேசான காரியமல்ல. அந்த நம்பிக்கையின் மீதுதான், நான்கு பேர் கொண்ட அணியொன்றுக்கு 2,000 ரூபா என்று கட்டணப் போட்டி அறிவிக்கப்பட்டது.

இவ்வகைப் போட்டிகள் தனி அறையில் நடப்பவை. விளையாட்டுக்குள் கிடைக்கும் அறை அட்டை என்ற அனுமதியைப் பயன்படுத்தி அறையைத் திறப்பவரே அதன் எண்ணையும் கடவுச்சொல்லையும் பகிர்கிறார். ஆட்டம் தொடங்கும் முன் எவரையும் வெளியேற்றும் அதிகாரமும் அவருக்கே உண்டு. அதோடு, பார்வையாளராக அமர்பவருக்கு வரைபடத்தில் எல்லா அணிகளும் எங்கெங்கே நிற்கின்றன என்பது தெரியும். எங்கள் அறைகளில் பார்வையாளராக யார் இருந்தார் என்று ஒருபோதும் அறிவிக்கப்படவில்லை. விளையாட்டின் ஏரங்கல் வரைபடத்தில், பொச்சின்கி என்ற ஊரில் ஒரு வீட்டின் மேல்மாடியில் நாங்கள் வெடியொன்றும் வைக்காமல் படுத்திருந்தபோது, நிர்வாகிகளின் நண்பர்களுடைய அணி வேறெந்த வீட்டையும் எட்டிப் பார்க்காமல் நேராக எங்கள் படிக்கட்டுக்கே வந்தது. அவர்களுக்கு எவரோ தகவல் கொடுத்தார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் பணம் வாங்கி நடத்தும் போட்டியில் பார்வையாளர் இடத்தில் யார் அமர்கிறார் என்பதைச் சொல்ல மறுத்ததை நான் சிறிய விடயமாகக் கருதவில்லை.

புள்ளிப் பட்டியல் இதைவிட மோசமானது. அதிகாரபூர்வப் போட்டிகளில் 16 அணிகள், அதாவது 64 பேர் மோதுவார்கள். வீழ்த்தும் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளியும், அணி பிடிக்கும் இடத்துக்குத் தனிப் புள்ளியும் கிடைக்கும். இங்கும் அதே முறை என்றுதான் சொன்னார்கள். ஓர் ஆட்டத்தின் முடிவுத் திரையில் எங்கள் அணி 11 பேரை வீழ்த்தியதாகக் காட்டியது. அத்திரையைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன். கூகுள் ஷீட்டில் ஏறியதோ 7. கேட்டவுடன் 9 ஆக்கினார்கள். ஏன் 9 என்பதற்கு விளக்கம் இல்லை. மறுநாள் பார்த்தபோது மீண்டும் 7 ஆக இருந்தது. அந்தத் தாளை நாங்கள் பார்க்க மட்டுமே முடியும். யார், எப்போது மாற்றினார் என்ற வரலாறு திருத்தும் அனுமதி உள்ளவர்களுக்கே தெரியும் என்பதால், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவரின் கையிலேயே சாட்சியும் இருந்தது.

நம் ஊர்க் கழகங்கள் நடத்தும் மென்பந்துச் சுற்றுப்போட்டியில் கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டு எழுதித் தருவார்கள். ஓட்டப் புத்தகம் மேசையில் விரித்தபடி கிடக்கும், சந்தேகம் வந்தால் இரு அணித் தலைவர்களும் குனிந்து பார்க்கலாம். கைத்தொலைபேசியில் நடக்கும் போட்டிக்கும் அவ்வளவைத்தான் நாங்கள் எதிர்பார்த்தோம்.

கேள்விகள் கூடியதும் வட்ஸ்அப் குழு நிர்வாகிகள் மட்டும் எழுதும் குழுவாக மாற்றப்பட்டு, எல்லோரும் டிஸ்கோர்டு என்ற உரையாடல் செயலிக்கு வருமாறு அழைக்கப்பட்டார்கள். குரல்வழிப் பேச்சுக்கு அது வசதியானதுதான். அதனால் நாங்களும் போனோம். பணம் செலுத்திய சீட்டுகளையும் முடிவுத் திரைகளையும் அங்கேயே பதிவேற்றச் சொன்னார்கள். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எல்லோரும் கவனிக்க வேண்டும். வட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கப்பட்டாலும் பழைய செய்திகள் நம் கைத்தொலைபேசியிலேயே இருக்கும். டிஸ்கோர்டில் வெளியேற்றப்பட்டவருக்கு அந்த இடத்தின் ஒரு வரிகூடத் தெரியாது. தடை செய்யும்போது அவர் கடைசி 7 நாட்களில் எழுதியவற்றையும் சேர்த்து அழித்துவிட நிர்வாகியால் முடியும். பரிசுப் பணம் எங்கே என்று மரியாதையாகக் கேட்ட அணித் தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராக அப்படித்தான் வெளியேற்றப்பட்டார்கள். உள்ளே எஞ்சியிருந்தவர்களுக்கு, அவர்கள் ஏமாற்று மென்பொருள் பாவித்ததாகச் சொல்லப்பட்டது. பதில் சொல்ல வாய்ப்பில்லாத இடத்தில் ஒரு பிள்ளையைக் கள்ளன் என்று சொல்வதை, கட்டணத்தை வைத்துக்கொண்டதைவிடப் பெரிய குற்றமாக நான் நினைக்கிறேன். திருக்கோவில் பக்கத்துத் தம்பி ஒருவர் அதற்குப் பிறகு விளையாட்டையே விட்டுவிட்டார்.

இன்னொன்றையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பரிசாக யூசி (விளையாட்டுக்குள் செலவழிக்கும் நாணயம்) போடுவதற்கு என்று சொல்லி, சாதாரண தரப் பரீட்சை எழுதவிருந்த ஒரு மாணவரிடம் பேஸ்புக் கடவுச்சொல்லையும் தொலைபேசிக்கு வரும் குறியீட்டையும் கேட்டார்கள். ஒருவருடைய கணக்குக்கு யூசி அனுப்ப அவருடைய விளையாட்டு ஐடி எண் மட்டுமே போதும். அதற்கு மேல் எதைக் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

ஏற்கெனவே இத்தகைய குழுமத்தில் பணம் கட்டியவர்கள், கேள்வி கேட்பதற்கு முன்பே ஆதாரங்களைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஈசி காஷ் குறுஞ்செய்தியையோ வங்கிச் சீட்டையோ அழிக்காதீர்கள். வட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் சேமியுங்கள். நீக்கப்பட்டவர்களின் விவரம் குழுத் தகவலில் 60 நாட்கள் வரைதான் தெரியும். யாரை யார் வெளியேற்றினார் என்பதைக் காட்டும் டிஸ்கோர்டின் நிர்வாகப் பதிவேடு 45 நாட்களில் மறைந்துவிடும், அதையும் அனுமதி உள்ளவர் மட்டுமே பார்க்கலாம். ஆகவே உள்ளே இருக்கும் நண்பர்கள் தாமதிக்க வேண்டாம். கணக்குப் பறிபோயிருந்தால் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் 101 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். பண விடயத்துக்கு உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுங்கள்.

அதே நிர்வாகிகள் புதிய பெயரில் பாடசாலை விடுமுறைக் காலப் போட்டிக்கு இப்போது கட்டணம் சேர்க்கிறார்கள். பணம் போட வேண்டிய கணக்கு இலக்கம் பழையதேதான். உங்கள் சீட்டில் உள்ள இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் பகுதியில் பாதிக்கப்பட்ட அணிகள் சேர்ந்து ஒரே முறைப்பாடாகக் கொடுக்கவிருக்கிறோம். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் சீட்டு வைத்திருப்பவர்கள், பணம் அனுப்பிய திகதியையும் தொகையையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்பினால் அவற்றையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். பதினெட்டு வயது நிறையாத தம்பிமார் தங்கள் வீட்டில் ஒரு பெரியவரிடம் சொல்லி, அவர் மூலமாகத் தொடர்புகொள்ளுங்கள்.