பழைய சாக்கெட்டிலேயே மேலேறுவதா, ஏஎம்5-க்கு மாறுவதா?

திருமணக் காணொளிகளைத் தொகுப்பதும் அல்பம் வடிவமைப்பதும் என் தொழில். இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நான் பயன்படுத்தும் கணினியின் ரைசன் 5 2600 புரொசசர் (ஏஎம்டி நிறுவனத்தினது) அந்த வேலைக்கு ஈடுகொடுக்க முடியாத நிலைக்கு வந்தபோது எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. பி450 வகை மதர்போட்டையும் டிடிஆர்4 வகை ரேமையும் (நினைவகம்) அப்படியே வைத்துக்கொண்டு, அதே ஏஎம்4 சாக்கெட்டில் (மதர்போட்டில் புரொசசர் பொருந்தும் இடம்) ரைசன் 7 5700எக்ஸைப் பொருத்துவது ஒன்று. புரொசசர், மதர்போட், ரேம் மூன்றையும் ஒருசேர மாற்றி, அடுத்த தலைமுறையான ஏஎம்5 சாக்கெட்டில் ரைசன் 5 7600-க்குப் போவது மற்றது. நான் முதலாவதைத் தேர்ந்தேன். மலையகத்தில் கணினியை வைத்துத் தொழில் செய்யும் பலருக்கும் அதுவே பொருந்தும் என்று கருதுகிறேன்.

வேகத்தைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 2022 ஏப்ரலில் வந்த 5700எக்ஸில் எட்டு கோர்கள், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்யும் எட்டுக் கணிப்புப் பகுதிகள். 2023 ஜனவரியில் வந்த 7600-இல் ஆறு கோர்கள், ஆனால் ஒவ்வொன்றும் அதிக வேகம் கொண்டது. போட்டோஷொப் போன்ற வேலைகளில் 7600 முந்தும். எல்லாக் கோர்களும் சேர்ந்து உழைக்கும் காணொளி ரெண்டரிங்கில் (தொகுத்ததை இறுதிக் காணொளியாக்கும் வேலை) இரண்டும் அருகருகே நிற்கும். 2600 இரண்டுக்கும் வெகு பின்னால் நிற்கும். இரண்டுமே 65 வோட் வகை என்பதால் இருக்கிற பவர் சப்ளையை மாற்றவும் தேவையில்லை.

முடிவைத் தீர்மானித்தது மதர்போட்தான். இங்கே இடியும் மழையும் மின்தடையும் சேர்ந்து வரும் மாதங்களில், நான் பார்த்தவரை, முதலில் பழுதாவது புரொசசர் அல்ல, மதர்போட்டும் பவர் சப்ளையுமே. ஏஎம்4 மதர்போட் பழுதானால் எங்கள் நகரத்துப் பழுதுபார்க்கும் கடைகளிலேயே பயன்படுத்திய ஒன்று கிடைத்துவிடுகிறது. டிடிஆர்4 ரேமும் அப்படியே. ஏஎம்5 மதர்போட்டுக்கு நான் விசாரித்த கடைகளில், கொழும்பின் பம்பலப்பிட்டியிலிருந்துதான் வரவழைக்க வேண்டும், உத்தரவாதத்துக்கும் அங்கேதான் அனுப்ப வேண்டும் என்றார்கள். முகூர்த்த மாதத்தில் கணினி வேலை செய்யாமல் கிடக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்குத் தவறும் நாளாகிவிடும் என்பதால், கைக்கெட்டும் தூரத்தில் மாற்றுப்பாகம் கிடைப்பதை நான் வேகத்தைவிட மேலாக எடைபோட்டேன்.

இதோடு ரேம் விலையும் சேர்ந்துகொள்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால், 2025-இன் இறுதியிலிருந்து, ஏஎம்5-க்குத் தேவையான டிடிஆர்5 ரேமின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. டிடிஆர்4 விலையும் ஏறியது உண்மையே. ஆனால் கணினியில் ஏற்கெனவே இருக்கிற ரேமுக்கு யாரும் மீண்டும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. மேலும், கழற்றிய 2600 தனியாக உடனே விலைபோனது. பழைய மதர்போட்டையும் ரேமையும் சேர்த்து விற்க முயன்றிருந்தால், வாங்குபவர் ஒவ்வொன்றிலும் குறை சொல்லி விலையைக் குறைத்திருப்பார்.

இந்த வழியில் கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. பி450 மதர்போட் 5700எக்ஸ் போன்ற 5000 தொடர் புரொசசரை ஏற்க, பழைய புரொசசர் பொருத்தியிருக்கும்போதே மதர்போட்டின் பயோஸை (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிக்க வேண்டும். அது நடந்துகொண்டிருக்கையில் மின்சாரம் போனால் மதர்போட் உயிர்பெறாமலே போகலாம். ஆகவே, மின்தடையில் பற்றரியால் கணினியை இயக்கும் யூபிஎஸ், அதுவும் பற்றரி நல்ல நிலையில் உள்ளது, இல்லாமல், அதிலும் மழை மூட்டமான மாலையில், அதைத் தொடவே கூடாது. 5700எக்ஸ் பெட்டியில் கூலர் வருவதில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 2600-உடன் வந்த கூலரே ஹட்டன் குளிரில் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. மாத்தளை போன்ற வெப்பமான இடங்களில் வேறு கூலர் வாங்குவதே பாதுகாப்பு என்பது என் ஊகம்.

ஏஎம்5-ஐ நான் கண்டியில் ஒரு நண்பரின் ஸ்டூடியோவில் சில தடவைகள் மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். ஆண்டுக்கணக்கில் அது எப்படி உழைக்கும் என்று சொல்லும் அனுபவம் எனக்கில்லை. அதன் பலம் எதிர்காலம்: 2022 செப்டம்பரில் வந்த அந்தச் சாக்கெட்டில் 2024 ஓகஸ்டில் வந்த 9000 தொடரும் பொருந்துகிறது, 2027 வரையும் அதற்குப் பின்னரும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. ஏஎம்4-இலோ நான் ஏறக்குறைய கடைசிப் படிக்கு வந்துவிட்டேன். 7600-க்குள்ளேயே கிராபிக்ஸ் இருப்பதால் கிராபிக்ஸ் கார்ட் பழுதானாலும் திரையில் படம் வரும்; 5700எக்ஸில் அந்த வசதி இல்லை.

புதுப்பிப்பதற்கு உரிய நேரம் எது என்பதும் இதிலிருந்தே தெளிவாகிறது. புதிய தலைமுறை வெளிவந்த நாளை விட்டுவிட்டு, இருக்கிற மதர்போட்டில் இன்னும் ஏறக்கூடிய புரொசசர் உண்டா என்பதைப் பாருங்கள். உண்டு என்றால், அந்தச் சாக்கெட்டின் உயர்ந்த புரொசசர்களின் விலை இறங்கும் காலமே வாங்கும் காலம்.

இன்டெல் 7-ஆம் தலைமுறைக் கணினி வைத்திருப்பவர்களின் நிலை வேறு. 8-ஆம் தலைமுறையின் சாக்கெட் பெயரளவில் அதே 1151 என்றாலும், அது அவர்களின் மதர்போட்டில் இயங்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இன் அதிகாரபூர்வப் பட்டியலிலோ அந்தத் தலைமுறையின் பெரும்பாலான புரொசசர்கள் இல்லை. எப்படியும் புரொசசர், மதர்போட், ரேம் மூன்றையும் மாற்றியாக வேண்டிய அவர்களுக்கு ஏஎம்5-ஐயே பரிந்துரைப்பேன். பணம் இறுக்கமாக இருந்தால் புரொசசரில் ஒரு படி இறங்கி, புரொசசர் இல்லாமலே யூஎஸ்பி வழியாகப் பயோஸைப் புதுப்பிக்கும் வசதியும் ரேமுக்கு நான்கு இடங்களும் உள்ள மதர்போட்டை வாங்குங்கள்.